முட்டுக்கட்டை முதல் பிரேக் டிஸ்க் வரை: திருவள்ளூர் வட்டாரத்தில் ஒரு தேய்மானத்தின் வரலாறு

திருவாலங்காடு, திருவள்ளூர் மாவட்டத்தில் சென்னை–அரக்கோணம் இருப்புப்பாதையில் அமைந்த ஊர். சென்னைக்கு மேற்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் உள்ளது. நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான இரத்தின சபை, காரைக்கால் அம்மையார், முதலாம் இராசேந்திரன் காலத்துச் செப்பேடுகள் ஆகியவற்றால் இவ்வூரைப் பலரும் அறிவர். இக்கட்டுரை அவற்றைப் பற்றியதன்று. இவ்வூரை நடுவாக வைத்து ஏறத்தாழ 50 கி.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்தால் பாடி, அம்பத்தூர், திருவள்ளூர், சோளிங்கர், கும்மிடிப்பூண்டி ஆகியவை அதற்குள் அடங்கிவிடும். இந்தியச் சாலைகளில் ஓடும் வண்டிகளை நிறுத்துகிற பொருள்களில் பெரும்பங்கு கடந்த 60 ஆண்டுகளாக இந்த வட்டத்துக்குள் உருவாகி வந்திருக்கிறது. காரின் பிரேக் டிஸ்க்கும் பிரேக் பேடும் எப்படி வந்தன, எப்படித் தேய்கின்றன, தேய்ந்த பொருள் எங்கே போகிறது என்பதே இங்கு எடுத்துக்கொண்ட செய்தி.

பாடநூல்களில் 'வட்டு நிறுத்தி' என்ற சொல் வழங்குகிறது. பட்டறையில் அச்சொல்லைச் சொன்னால் யாருக்கும் புரியாது. ஆகவே டிஸ்க், பேட், டிரம், லைனிங் என்று பட்டறைச் சொற்களையே எழுதுகிறேன். டிஸ்க் என்பதைச் சிலர் ரோட்டர் என்பர், இரண்டும் ஒன்றே.

தேரும் செருப்பும்

பிரேக்கின் பழைய உருவத்தைப் பார்க்க அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டியதில்லை. பங்குனி உத்திர விழாவில் திருவாலங்காட்டின் கமலத்தேரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வடம் பிடிப்பவர்கள் முன்னால் இருப்பார்கள். தேரை நிறுத்துபவர்களோ சக்கரத்தின் அருகே குனிந்து நிற்பார்கள். அவர்கள் கையில் இருப்பது முட்டுக்கட்டை. சரியான நேரத்தில், சரியான கோணத்தில் அதைச் சக்கரத்தின் அடியில் செருகினால் தேர் நிற்கும், அல்லது திரும்பும். இன்று ஒருவர் செய்யும் வேலையைக் கெடுப்பதற்கு 'முட்டுக்கட்டை போடுவது' என்கிறோம். தேரோட்டத்தில் அது கெடுதல் அன்று, உயிர்காப்பு.

பெரிய தேர்களுக்கு முட்டுக்கட்டை மட்டும் போதவில்லை. திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரங்களும் நீர்ம அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கும் பொருத்தப்பட்டன. அவற்றைச் செய்தளித்தது திருச்சியிலுள்ள பாரத மிகுமின் நிறுவனம். காரின் பிரேக் மிதியை அழுத்தும்போது நடப்பதும் அதே தத்துவம்தான். மிதி தரும் அழுத்தம் ஒரு திரவத்தின் வழியே சக்கரம் வரை கடத்தப்படுகிறது.

முட்டுக்கட்டையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு விழாவிலும் நசுங்கிச் சிதைவது கட்டை. சக்கரம் அப்படியே இருக்கிறது. உரசும் இரண்டு பொருள்களில் விலை குறைந்தது தேய வேண்டும், விலை கூடியது நிலைக்க வேண்டும். பிரேக்கின் வரலாறு முழுவதும் இந்த ஒரு கணக்கைச் சுற்றியே ஓடுகிறது.

இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைப்பகுதியில் 1897-இல் எர்பர்ட் ஃபுரூட் என்பவர் குதிரை வண்டிகள் சரிவில் இறங்குவதைக் கவனித்தார். வண்டிக்காரர்கள் மரத் தடுப்புக்கட்டையின் மேல் பழைய செருப்பை வைத்துக் கட்டியிருந்தார்கள். மரம் இரும்புப் பட்டையின் மேல் வழுக்கியது; செருப்பு பிடித்துக்கொண்டது. தேய்ந்துபோனால் இன்னொரு பழைய செருப்பைக் கட்டினால் போதும். ஃபுரூட் அதிலிருந்து, பிரேக்குக்கென்றே உராய்வுப் பொருள் செய்யும் தொழிலைத் தொடங்கினார். தம் பெயரின் எழுத்துகளை மாற்றிப் போட்டு, மனைவி எலிசபெத்தின் பெயரிலிருந்து ஓர் எழுத்தையும் சேர்த்து அவர் வைத்த பெயர்தான் 'ஃபெரோடோ'. முதலில் அவர் பயன்படுத்தியது பருத்தி வகைப் பொருள்களை. சூடு ஏறியதும் அவை கருகின. 1908 வாக்கில் கருகாத ஒரு பொருளுக்கு அவர் மாறினார். அது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். அந்த மாற்றத்தின் விலையைப் பின்னால் சொல்கிறேன்.

டிஸ்க் வந்தது, போனது, திரும்பி வந்தது

டிஸ்க் பிரேக்கை டிரம் பிரேக்கிற்குப் பின் வந்த புதுமை என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் இங்கிலாந்தின் பிரடெரிக் லாங்செஸ்டர் 1902-லேயே அதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஒரு மெல்லிய உலோகத் தட்டை இருபுறமும் உலோகத்தால் கவ்விப் பிடிக்கும் அமைப்பு அது. உலோகமும் உலோகமும் உரசியதால் காது கிழியும் சத்தம் எழுந்தது, தேய்மானமும் அதிகம். கருத்து சரியாக இருந்தும் பொருள் அமையாததால் டிஸ்க் ஒதுங்கி, டிரம் பிரேக் அரை நூற்றாண்டு ஆண்டது.

டிரம்மின் குறை வேகம் கூடிய பின்புதான் தெரிந்தது. சூடேறினால் டிரம் விரிந்து, உள்ளே அழுத்தும் ஷூவை விட்டு விலகிப் போகும்; மிதி கீழே இறங்கும். உள்ளே புகுந்த மழைநீரும் தூசும் எளிதில் வெளியேறா. டிஸ்க் திறந்த வெளியில் சுழல்வதால் காற்றில் ஆறும், தண்ணீரைச் சிதறடிக்கும். விமானங்களில் பயன்பட்ட டன்லப் நிறுவனத்தின் டிஸ்க் பிரேக்கைப் பொருத்திய ஜாகுவார் சி-டைப் கார், 1953-இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை மணிக்கு ஏறத்தாழ 170 கி.மீ. சராசரி வேகத்தில் வென்றது. மற்றவர்கள் வளைவுக்கு வெகு முன்பே பிரேக் போட வேண்டியிருந்தது. ஜாகுவார் கடைசி நொடிவரை ஓடிப் பின் நின்றது.

பந்தய வண்டியில் இருந்ததைப் பெருமளவில் உற்பத்தியாகும் குடும்பக் காருக்குக் கொண்டுவந்தது பிரெஞ்சு நிறுவனமான சிட்ரோயன். 1955 அக்டோபரில் பாரிசில் அறிமுகமான அதன் டி.எஸ். காரின் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் இருந்தது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திருவள்ளூருக்கு அது மீண்டும் வரும்.

பாடியும் அம்பத்தூரும்

நம் பக்கத்துக் கதை ஓர் அரசு முடிவில் தொடங்குகிறது. வெளிநாட்டு உதிரிபாகங்களை இறக்குமதி செய்து பூட்டி விற்பதோடு நிற்காமல், இங்கேயே உற்பத்தி செய்பவர்களே கார் தொழிலில் இருக்கலாம் என்று 1953-இல் இந்திய அரசு கொள்கை வகுத்தது. அமெரிக்க நிறுவனங்கள் கடையைக் கட்டின. சென்னையில் அசோக் லேலண்டும் ஸ்டாண்டர்டு மோட்டாரும் இருந்தன. அவற்றுக்குச் சக்கரம் வேண்டும், மின்கருவி வேண்டும், பிரேக் வேண்டும். யார் செய்வது?

டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912 வாக்கில் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து ஓட்டித் தொழிலைத் தொடங்கியவர். பேருந்து நடத்துகிறவருக்கு உதிரிபாகத்தின் அருமை தெரியும். அக்குடும்பத்தினர் 1960-களின் தொடக்கத்தில், சென்னைக்கு மேற்கே பாடியில் வரிசையாகத் தொழிற்சாலைகளை எழுப்பினர். வீல்ஸ் இந்தியா 1960-இல் வந்தது, லூகாஸ் டி.வி.எஸ். 1961-இல், பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் கிளேட்டனும் 1962-இல். பிரேக்ஸ் இந்தியா, இங்கிலாந்தின் லூகாஸ் குழுமத்தோடு கூட்டாகத் தொடங்கியது. காருக்கான நீர்ம பிரேக் அதன் தொழில். லாரி, பேருந்துகளுக்கான காற்று பிரேக் அப்போது சுந்தரம் கிளேட்டனுடையதாக இருந்தது. பக்கத்து அம்பத்தூரில் ரானே பிரேக் லைனிங் 1964-இல் தோன்றியது. பத்தாண்டு கழித்து, 1974-இல், சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் பாடியில் வந்தது. ஆக பிரேக்கின் பொறியமைப்பு, அதில் தேயும் பொருள் இரண்டுமே இரண்டு மூன்று மைல் தூரத்துக்குள் உருவாயின. 1997-இல் திருவள்ளூர் தனி மாவட்டமானபோது அம்பத்தூர் வட்டமும் இதில்தான் இருந்தது. பின்னர் சென்னை மாவட்டத்தோடு போய்விட்டது. பெயர் போனாலும் ஆட்கள் போகவில்லை. காலையில் அரக்கோணம் மார்க்கத்து மின்தொடர் வண்டியில் ஏறினால் சாப்பாட்டுப் பையோடு ஷிஃப்டுக்குப் போகும் என் பழைய மாணவர்கள் இரண்டு பெட்டிக்காவது இருப்பார்கள்.

அக்காலத்து அம்பாசடருக்கு நான்கு சக்கரத்திலும் டிரம்தான். லைனிங் தேய்ந்தால் ஷூவைக் கழற்றி, பழைய லைனிங்கைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதை வைத்துப் பித்தளை ரிவெட் அடிப்பார்கள். 'லைனிங் அடிக்கிறது' என்று அதற்குப் பெயர். சென்னைப் புதுப்பேட்டையிலும் ஜி.பி. சாலையிலும் துண்டு துண்டாக லைனிங் வாங்கலாம். கஞ்சத்தனமாக ரிவெட் தலை தெரியும்வரை ஓட்டினால் டிரம்மில் கோடு விழும். பிறகு லேத் பட்டறையில் கடைசல் போட வேண்டும். முட்டுக்கட்டையை மாற்றாமல் சக்கரத்தைக் கெடுத்த கதைதான் அது.

கருகாத பொருளின் விலை

அந்த லைனிங்கில் என்ன இருந்தது? பீனாலிக் பிசின், பித்தளைத் துருவல், உராய்வைக் கூட்டவும் குறைக்கவும் சில தூள்கள், இவற்றையெல்லாம் பிணைத்துப் பிடிக்கும் நாராகக் கல்நார். சூட்டைத் தாங்கும், விலை குறைவு, பிசினோடு நன்றாகச் சேரும். உலகம் முழுவதும் பிரேக் லைனிங் அதனால்தான் ஆனது.

தேய்வதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பொருள் தூளாகத்தான் ஆக வேண்டும். டிரம் பிரேக்கில் அத்தூள் உள்ளேயே தங்கும். டிரம்மைக் கழற்றிய மெக்கானிக் முதலில் செய்கிற வேலை, வாயால் ஊதுவது. வசதியான பட்டறையில் காற்றுக் குழாயால் ஊதுவார்கள். அது இன்னும் மோசம். கல்நார் இழை கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது. நுரையீரலில் போய்க் குத்தி நின்றால் வெளியேறாது. மூச்சுத்திணறலை உண்டாக்கும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், மார்பு உறையில் வரும் மீசோதீலியோமா ஆகியவை பல ஆண்டுகள், சில வேளை 30, 40 ஆண்டுகள் கழித்துக்கூட வெளிப்படும். அதனால்தான் காரணத்தையும் விளைவையும் யாரும் எளிதில் சேர்த்துப் பார்க்கவில்லை.

நான் வேலை பார்த்த பள்ளிக்கு எதிரே ஒரு பட்டறை இருந்தது. அதன் உரிமையாளரை எல்லாரும் மேஸ்திரி என்றே அழைப்போம். டிரம்மை வெயிலில் கவிழ்த்து வைத்துத் தட்டி, கன்னம் உப்ப ஊதுவார். எட்டாம் வகுப்போடு நின்ற என் மாணவன் ஒருவனை அவரிடம்தான் சேர்த்துவிட்டேன். "சார், நீங்க கவலைப்படாதீங்க, தொழில் கத்துக்கொடுத்துடறேன்" என்றார். கற்றும் கொடுத்தார், ஊதுவது உட்பட. மேஸ்திரி பிற்காலத்தில் இருமலோடுதான் இருந்தார். அதற்கு இதுதான் காரணம் என்று மருத்துவர் யாரும் சொன்னதில்லை. நானும் சொல்ல மாட்டேன். பீடியும் உண்டு. ஆனால் அந்த மாணவனுக்கு இப்போது ஐம்பது வயதுக்கு மேல். அவன் இருமினால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

இந்தியாவில் கல்நார்ச் சுரங்கத்துக்குப் புதிய குத்தகை தருவது 1986-இல் நிறுத்தப்பட்டது. 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. கல்நார்த் தொழிற்சாலைகள் ஊழியரின் உடல்நலப் பதிவேட்டை 40 ஆண்டுகள்வரை பாதுகாக்க வேண்டும் என்றும் கூறியது. அந்த 40 என்ற எண்ணே நோயின் இயல்பைச் சொல்லிவிடுகிறது. ஆனால் தீர்ப்பு சென்றடைந்தது தொழிற்சாலை வாயில்வரைதான். சாலையோர மேஸ்திரிக்குப் பதிவேடு ஏது? ஆஸ்திரேலியா 2003 முடிவோடும் ஐரோப்பிய ஒன்றியம் 2005-இலும் கல்நாரை முழுதாகத் தடை செய்தன. இந்தியாவில் முழுத் தடை வரவில்லை. பெரிய உற்பத்தியாளர்கள், குறிப்பாக ஏற்றுமதி செய்வோர், கண்ணாடி இழை, அராமிடு இழை, எஃகு இழை, கனிம இழை என்று மாறிக்கொண்டார்கள். இன்று நல்ல பேட் பெட்டியின் மேல் 'கல்நார் அற்றது' என்ற பொருளில் அச்சிட்டிருக்கும். பெட்டியே இல்லாமல், பெயரே இல்லாமல் விற்கும் மலிவுச் சரக்கில் என்ன இருக்கிறது என்பதைப் பார்வையால் சொல்ல முடியாது. ஆகவே எந்தப் பிரேக் தூசியையும் ஊதக்கூடாது. ஈரத்துணியால் துடைக்கலாம், பிரேக் கிளீனர் திரவம் தெளித்துக் கழுவலாம், நிறுவனப் பட்டறைகளில் அதற்கென்று உறிஞ்சும் கருவி உண்டு.

டிஸ்க் திருவள்ளூருக்கு வந்தது

1980-களில் வந்த மாருதி வண்டிகளோடு முன்சக்கர டிஸ்க் பிரேக் நம் சாலைகளில் சாதாரணமாயிற்று. 1990-களின் பிற்பகுதியில் சென்னையைச் சுற்றிக் கார் தொழிற்சாலைகள் பெருகின. மறைமலைநகர், இருங்காட்டுக்கோட்டை எல்லாரும் அறிந்தவை. திருவள்ளூருக்கும் ஒரு பங்கு கிடைத்தது. அம்பாசடர் செய்த இந்துஸ்தான் மோட்டார்ஸ், சப்பானின் மிட்சுபிசியோடு சேர்ந்து 1998-இல் லேன்சர் காரைத் திருவள்ளூர் ஆலையிலிருந்து வெளியிட்டது. நான்கு டிரம்மோடு பல பத்தாண்டு ஓட்டிய நிறுவனம், இங்கே டிஸ்க் பிரேக் காரைப் பூட்டியது.

அந்த ஆலை ஓய்ந்தது. 2017 ஜனவரியில் சி.கே. பிர்லா குழுமத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு உள்ளே வந்தவர்கள் பிரான்சின் பி.எஸ்.ஏ. குழுமத்தார், அதாவது சிட்ரோயனின் உரிமையாளர்கள். சி5 ஏர்கிராஸ் 2021-இலும் சி3 2022-இலும் இங்கிருந்து வந்தன. 1955-இல் குடும்பக் காருக்கு டிஸ்க் பிரேக்கைத் தந்த பெயர், 66 ஆண்டு கழித்துத் திருவள்ளூர் வயல்களுக்கு நடுவே பலகையில் ஏறியது. ஊரில் இதைக் கவனித்தவர்கள் குறைவு. வேலை கிடைக்குமா என்பதே பேச்சாக இருந்தது. அதுவும் நியாயம்தான்.

டிஸ்க்கின் பிறப்பிடம் வார்ப்பாலை. திருவாலங்காட்டுக்கு மேற்கே சோளிங்கரில் பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்பாலை உள்ளது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் இரும்பு உருக்கும் ஆலைகள் உண்டு. அங்கு கட்டடக் கம்பி உருட்டுவதே மிகுதி. டிஸ்க்குக்கு வேண்டியது கம்பி எஃகு அன்று. சாம்பல் நிற வார்ப்பிரும்பு. அதில் கரி 3 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்; அக்கரி இரும்புக்குள் மெல்லிய செதில்களாகப் படிந்திருக்கும். செதில்கள் சூட்டை விரைவாகக் கடத்தும், அதிர்வை விழுங்கும். எஃகைச் சுண்டினால் மணிபோல் ஒலிக்கும். வார்ப்பிரும்பு 'டொக்' என்னும். லாங்செஸ்டரின் தட்டு அலறியதற்கும் இன்றைய டிஸ்க் அடங்கி இருப்பதற்கும் இது ஒரு காரணம்.

இரயிலையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். இராயபுரத்திலிருந்து வாலாசா ரோடுவரை 1856-இல் போட்ட தென்னிந்தியாவின் முதல் பாதையில்தான் நம் ஊர் இருக்கிறது. நெடுங்காலம் வார்ப்பிரும்புக் கட்டைகளே சக்கரத்தை உரசி நிறுத்தின. சல்லியின் துருநிறத்தில் அந்தத் தூளுக்கும் பங்கு உண்டு. பின்னர் கூட்டுப்பொருள் கட்டைகள் வந்தன. பெரம்பூரில் இப்போது செய்யும் எல்.எச்.பி. வகைப் பெட்டிகளில் அச்சிலேயே டிஸ்க் இருக்கிறது.

தேய்மானத்தின் கணக்கு

ஒன்பதாம் வகுப்பு அறிவியல் போதும். 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகிறது. அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 2,96,000 ஜூல். நிறுத்தும்போது அவ்வளவும் வெப்பமாகிறது. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக அது போதும். வேகம் 40 ஆக இருந்தால் வெப்பம் பாதி அன்று, கால்பங்குதான். வேகத்தின் வர்க்கம் என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! பேடைக் காப்பாற்ற இதைவிட மலிவான வழி கிடையாது.

இப்போது திருமலையை எடுத்துக்கொள்வோம். நம் மாவட்டத்தில் கார் வாங்கிய எந்தக் குடும்பமும் முதலில் திருத்தணிக்கோ திருப்பதிக்கோதான் போகும். திருமலையிலிருந்து இறங்க, 1944-இல் திறந்த பழைய மலைப்பாதை. மேலிருந்து கீழே ஏறத்தாழ 700 மீட்டர் இறக்கம். அதே காருக்கு அந்த உயரத்தின் ஆற்றல் 82 இலட்சம் ஜூலுக்கு மேல். அதாவது 80 கி.மீ. வேகத்திலிருந்து ஏறத்தாழ 28 முறை நிறுத்துவதற்குச் சமம். இரண்டாம் கியரில் இறங்கினால் இதில் பெரும்பகுதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். டீசல் மிச்சமென்று நியூட்ரலில் இறங்குபவர், எல்லாவற்றையும் நான்கு சக்கரத்தின் தலையில் ஏற்றுகிறார். பேட் அளவு மீறிச் சூடானால் அதன் பிசின் ஆவியாகி உராய்வு குறையும். பிரேக் ஆயிலும் கொதிக்கலாம். அது ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கையில் 230 டிகிரிக்குக் குறையாமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். கொதித்தால் குமிழி வரும். குமிழி அழுத்தத்தைக் கடத்தாது. மிதி தரையைத் தொடும். நம் ஊர் ஈரக்காற்றில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுவது செலவு அன்று.

புது பேடின் உராய்வுப் பகுதி ஏறத்தாழ 10 முதல் 12 மி.மீ. இருக்கும். 3 மி.மீ. வந்ததும் மாற்றிவிடுவது நல்லது, 2 மி.மீட்டருக்குக் கீழே ஓட்டவே கூடாது. பல பேடுகளில் ஒரு சிறு தகடு இருக்கும். பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். அந்தக் கீச்சு ஒரு கடிதம். படிக்காமல் விட்டால் அடுத்து வருவது கரகர ஒலி. அது பேடின் இரும்புத் தகடு டிஸ்க்கைக் கீறும் சத்தம். அதன்பின் சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது பல ஆயிரமாகும்.

டிஸ்க்கும் தேயும், மெதுவாக. எவ்வளவு தேயலாம் என்ற குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கின் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ பொறித்திருக்கும். கடைசல் போட்டபின் அந்த அளவுக்குக் கீழே போனால் அதைத் தூக்கிப் போட வேண்டும். மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்காது, விரியும். "இன்னும் ஒரு தடவை ஓடும் சார்" என்று லேத் பட்டறையில் சொல்வதற்குத் தலையாட்டக் கூடாது.

பிரேக் போட்டால் ஸ்டியரிங் உதறுவதை 'டிஸ்க் கோணிப்போச்சு' என்பார்கள். பெரும்பாலும் அது கோணல் அன்று. சுற்றுவட்டத்தில் தடிமன் 0.02 மி.மீ. வேறுபட்டாலே, அதாவது தலைமுடியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, காலில் உதறல் தெரியத் தொடங்கும். டிஸ்க் உட்காரும் முகத்திலுள்ள துருவைச் சுரண்டாமல் புது டிஸ்க்கை மாட்டுவதும், சக்கர நட்டுகளை ஒரே பக்கமாக வரிசையில் முறுக்குவதும் இதற்கு வழக்கமான காரணங்கள். குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். சூடான டிஸ்க்கின் மேல் தண்ணீர்க் குழாயைப் பிடிப்பதும் கெடுதி. மலையிலிருந்து இறங்கியதும் வண்டியைக் கழுவ நினைப்பவர்கள் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம்.

இடத்துக்கு இடம் தேய்மானமும் மாறும். கும்மிடிப்பூண்டி, பொன்னேரிப் பக்கம் பழவேற்காட்டுக் காற்றில் உப்பு இருக்கும். இரவு நின்ற வண்டியின் டிஸ்க் காலையில் மஞ்சளாகத் துருப்பிடித்திருக்கும். நான்கு முறை பிரேக் போட்டால் போய்விடும், பயம் வேண்டாம். பத்து நாள் நிறுத்திய வண்டியில்தான் பேடின் அச்சுப்போலத் துரு தங்கும். கல்குவாரி லாரி ஓடும் சாலைகளில் நிலைமை வேறு: பொடிமணல் பேடில் பதிந்து டிஸ்க்கில் இசைத்தட்டுபோல் வரிவரியாகக் கீறும். காலிப்பர் நகரும் ஊசிகளுக்கு உரிய கிரீஸ் இல்லாமல் இறுகினால் ஒரு பக்கப் பேட் மட்டும் தேயும். சக்கரம் ஒன்று மட்டும் கொதிக்கும். சர்வீசில் உட்பக்கப் பேடையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். வெளிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு 'நல்லா இருக்கு' என்று அனுப்பிவிட்டதால் நானே ஒருமுறை டிஸ்க்குக்குச் செலவு செய்தேன்.

புது பேட் மாட்டியதும் முதல் இருபது முப்பது நிறுத்தங்களை மெதுவாகச் செய்ய வேண்டும். 60-இலிருந்து 20-க்கு, இடைவெளி விட்டு, முழுதாக அழுத்தாமல். பேடின் ஒரு மெல்லிய படலம் டிஸ்க்கில் ஒட்டிப் பழகினால்தான் பிடிமானம் சரியாகும். புதுச் செருப்பு கடிக்கும் என்று பழக்கிப் போடுகிறோமே, அதுபோல.

தூளுக்கு அளவு

கல்நார் போனபின் தூளின் கதை முடிந்துவிடவில்லை. பேடில் சேர்த்த செம்பு மழைநீரோடு ஆற்றில் கலந்து மீன்களைப் பாதிக்கிறது என்று அமெரிக்காவின் கலிபோர்னியா 2010-இல் சட்டம் இயற்றியது. 2025 முதல் செம்பு 0.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஐரோப்பாவின் யூரோ 7 விதி, புகைக்குழாயைப்போலப் பிரேக்குக்கும் முதல்முறையாக வரம்பு வைத்திருக்கிறது. பெட்ரோல், டீசல் காரின் பிரேக் ஒரு கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராமுக்கு மேல் நுண்தூள் விடக்கூடாது. மின்காருக்கு 3 மில்லிகிராம். அங்கே பொருளை ஏற்றுமதி செய்கிற பாடி, அம்பத்தூர் ஆலைகளின் பிசின் கலவைக்கும் இந்த எண்கள் பொருந்தும்.

மின்கார் இன்னொரு விநோதத்தைக் கொண்டுவந்தது. திருவள்ளூர் ஆலையிலிருந்து 2023-இல் சிட்ரோயனின் மின்கார் இசி3 வெளிவந்தது. காலை எடுத்தால் இவ்வகைக் கார்களின் மோட்டாரே மின்னாக்கியாகி வேகத்தைக் குறைக்கும். பேடுக்கு வேலை குறைவு. பல ஆண்டு ஓடியும் பேட் தேயாமல் இருக்கும், டிஸ்க்கோ பயன்படுத்தாததால் துருவேறும். வாரம் ஒருமுறையாவது நன்றாக அழுத்திப் பிரேக் போடுங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்ற ஐப்பசி மழையில் என் மாணவனின் பட்டறைக்குப் போயிருந்தேன். ஒரு வாடகைக் காரின் பின்சக்கர டிரம்மைக் கழற்றிக்கொண்டிருந்தான். பழக்கத்தில் முகம் கீழே குனிந்தது. என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, பக்கத்திலிருந்த பையனிடம், "டேய், அந்த ஈரத்துணிய எடு" என்றான்.